வெளியேற்றப்பட்ட பந்தி

நீராவிப்பிட்டி,
முல்லைத்தீவு.
10.02.2025

சிவரூபிக்கு,

உன் எண்ணைத் தொலைபேசியில் தடுத்து வைத்திருக்கிறேன். நீ அழைத்துப் பார்த்திருப்பாய். பேசினால் இரண்டு சொல்லில் என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். கல்வியியற் கல்லூரி விடுதியில் நம் சண்டைகள் எல்லாம் அப்படித்தான் முடிந்தன. இது அப்படி முடியக்கூடாது என்பதால் தாளில் எழுதுகிறேன். நீயும் தாளிலேயே பதில் எழுது.

புத்தகம் வந்தது. கிளிநொச்சி பஸ் கண்டக்டர் ஆஸ்பத்திரிச் சந்தியில் தந்துவிட்டுப் போனார். அட்டை நன்றாக இருக்கிறது. உன் பெயரும் என் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கின்றன. குறியீடுகள் பற்றிய அதிகாரத்தைத் திறந்தேன். நான் எழுதிய பந்தியைக் காணவில்லை.

நீ மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். பிரெஞ்சுப் புரட்சி பற்றி ஆங்கிலேயர் ஒருவர் எழுதிய அந்தப் பழைய நாவலை உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழில் விளக்க ஒத்துக்கொண்டோம். சிறையிலிருந்து மீளும் மனிதரையும், தெருவில் உடைந்து சிந்தும் வைன் பீப்பாவையும் நீ எடுத்தாய். காலடி ஓசைகளையும் வைன் கடைக்காரியின் பின்னலையும் நான் எடுத்தேன். கடையில் அமைதியாக இருந்து பின்னிக்கொண்டே சாகவேண்டியவர்களின் பெயர்களை நூலில் ஏற்றுகிறவள் அவள். அவளுடைய குடும்பத்தை இரண்டு பிரபுக்கள் அழித்தார்கள். அவளின் கோபம் நியாயமானது என்றுதான் நான் தொடங்கியிருந்தேன். பிரபுவின் வம்சம் என்பதற்காக ஒன்றுமே செய்யாத ஒருவனையும் அவன் மனைவியையும் சின்னப் பெண்ணையும் கொல்லக் கேட்கும்போது, அவளும் அந்தப் பிரபுக்களைப் போல ஆகிவிடுகிறாள் என்று எழுதியிருந்தேன். பிறகு எங்கள் ஊரைப் பற்றி எழுதினேன். தொண்ணூறாம் ஆண்டில் முஸ்லிம்கள் எல்லோரும் போகவேண்டும் என்று இயக்கம் சொன்னதையும், வாப்பா கடையின் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு போனதையும், நான் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் பிறந்ததையும் எழுதினேன். யாரோ செய்ததற்கு ஒரு சனத்தையே தண்டிப்பது எப்படி இருக்கும் என்று நம் பிள்ளைகளுக்கு விளங்க வேறு உதாரணம் எனக்குத் தேவைப்படவில்லை.

அது முழுவதும் போய்விட்டது. அந்த இடத்தில், "பின்னல் மறதிக்கு எதிரான நினைவின் குறியீடு" என்று ஒரு வசனம் நிற்கிறது. என் பெயரின் கீழ் நான் எழுதாத வசனம்.

எங்கள் ஊர் ஒரு புத்தகத்தில் வருகிறது என்று வாப்பாவிடம் சொல்லி வைத்திருந்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்து ஒவ்வொரு பக்கமாக விரலை வைத்துத் தேடினார். கடைசிப் பக்கம் வரை போய்விட்டுத் திரும்ப முதலில் இருந்து தொடங்கினார். "எந்தப் பக்கம் மகள்?" என்று கேட்டார். அச்சகத்தில் பிழை விட்டுவிட்டார்கள் என்று பொய் சொன்னேன்.

அது அச்சகப் பிழையா, சிவரூபி? கடைசியாக அச்சுப் படிகளைத் திருத்தியது நீதான்.

றினோஸா

•

விசுவமடு,
17.02.2025

றினோஸாவுக்கு,

அது அச்சகப் பிழை இல்லை. ஜனார்த்தனன் சேரும் எடுக்கச் சொல்லவில்லை. அவருடைய கல்வி நிலையம் காசு போட்டு அச்சடித்ததே தவிர, அவர் அந்த அதிகாரத்தை வாசிக்கவே இல்லை. பந்தியை எடுத்தது நான். இனி ஒருமுறை அச்சுக்குப் போனாலும் எடுப்பேன்.

உன் பந்தியை வரிவரியாக விவரித்திருக்கிறாய், அதன் கடைசி வசனத்தைத் தவிர. அதை நான் எழுதிக்காட்டவா? "இன்றும் வீதியோரக் கொட்டிலில் படங்களோடு இருக்கும் பெண்களின் மடியில் அந்தப் பின்னல் ஊசி கிடக்கிறது."

எந்தக் கொட்டில், றினோஸா? காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார் கிளிநொச்சியில் இருக்கும் கொட்டில்தானே? அங்கே யார் இருக்கிறார் என்று உனக்குத் தெரியாதா? விடுதியிலிருந்து நீ எங்கள் வீட்டுக்கு வந்த நாட்களில், ஹலால் பார்த்து உனக்காகத் தனிச்சட்டி வாங்கி வைத்துச் சமைத்தது யார்? அந்தப் பெண்களில் ஒருவருக்குச் சிவலட்சுமி என்று பெயர். அவர் மடியில் ஊசி இல்லை. அண்ணாவின் படமும் ஒரு பனடோல் மட்டையும் இருக்கும். வெயிலில் இருந்தால் அவருக்குத் தலையிடி வரும்.

2009இல் யுத்தம் முடிந்தபோது, இயக்கத்தில் ஒருநாள் இருந்தவர்களும் வந்து பதியுங்கள், விசாரித்துவிட்டு விடுவோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். வட்டுவாகலில் அம்மா தன் கையால்தான் கிருபன் அண்ணாவைக் கூட்டிக்கொண்டுபோய் ஆமியிடம் கொடுத்தார். பஸ்ஸில் ஏற்றினார்கள். அவன் யன்னலால் எட்டிப்பார்த்து, "வெயிலுக்க நிக்காதேங்கோ அம்மா, போங்கோ" என்று சொன்னான். அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நீ இதையெல்லாம் என் கட்டிலில் இருந்து கேட்டவள்.

இன்னொன்றும் கேள். சிறையிலிருந்து மீளும் மனிதரைப் பற்றிய அதிகாரத்தை நான் எழுதிக்கொண்டிருந்த நாளில் அம்மா பக்கத்தில் வந்து இருந்தார். என்ன கதை என்று கேட்டார். சொன்னேன். ஒரு வைத்தியரை ஒரு விசாரணையும் இல்லாமல் பிடித்துச் சிறையில் போட்டார்கள், எல்லோரும் செத்துப்போனார் என்று நினைத்தார்கள், பதினெட்டு வருடத்துக்குப் பிறகு உயிரோடு வெளியில் வந்தார் என்று. அம்மா விரலை மடித்து எண்ணினார். பிறகு, "அப்ப கிருபனுக்கு இன்னும் ரெண்டு வருசம் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

அடுத்த நாள்தான் உன் அதிகாரம் எனக்கு வந்தது. அந்த வசனத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்திருக்கவேண்டும்?

இந்தத் தாய்மார் பழிவாங்கத்தான் தெருவில் இருக்கிறார்கள் என்று சொல்ல ஆட்கள் காத்திருக்கிறார்கள். கொட்டிலுக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் வந்து நின்று படம் எடுக்கிற புலனாய்வுக்காரருக்கு, ஒரு தமிழ்ப் புத்தகத்தில் நம் இருவர் பெயரோடும் அந்த வசனம் கிடைத்தால் அவர்களுக்கு வேறு என்ன வேண்டும்? உங்கள் ஊருக்கு நடந்தது அநியாயம். நான் என்றைக்காவது இல்லை என்று சொன்னேனா? ஆனால் அதைச் செய்யச் சொன்னது என் அம்மா இல்லை. அப்போது நான் பிறக்கவும் இல்லை.

சிவரூபி

•

நீராவிப்பிட்டி,
21.02.2025

சிவரூபிக்கு,

உன் கடிதத்தைப் பள்ளிக்கூட ஆசிரியர் அறையில் வைத்து வாசித்தேன். பிறகு வகுப்புக்குப் போக முடியவில்லை.

அந்த வசனத்துக்காக நான் வாதாடப் போவதில்லை. எழுதும்போது அது எனக்கு இரக்கமாகத்தான் பட்டது. அந்தப் பெண்களின் துயரமும் ஒருநாள் அப்படி மாறிவிடக்கூடாதே என்ற பயத்தில் எழுதினேன். இப்போது உன் கண்ணால் வாசிக்கிறேன். அது வெட்டுகிறது.

ஆனால் நீ என்னிடம் கேட்டிருக்கலாம். "றினோ, இந்த வரி என் அம்மாவைக் குத்துகிறது, எடு" என்று ஒரு செய்தி அனுப்பியிருந்தால் அந்த நிமிடமே எடுத்திருப்பேன். நீ கேட்கவில்லை. ஒரு வரி பிழை செய்தது. அதற்காக முழுப் பந்தியையும் வெளியேற்றினாய். அந்த வரியோடு என் வாப்பா போனார், கடை போனது, ஊர் போனது. போகும்போது எங்களிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. இது உனக்கு எதையாவது ஞாபகப்படுத்துகிறதா?

"அப்போது நான் பிறக்கவும் இல்லை" என்று எழுதியிருக்கிறாய். நானும்தான் பிறக்கவில்லை. ஆனால் நான் அகதி முகாமில் பிறந்தேன். வாப்பா திரும்பி வந்தபோது எங்கள் காணி எது என்று காட்ட ஒரு கிணற்றைத் தவிர ஒன்றும் இருக்கவில்லை. "உங்களுக்கு நடந்தது அநியாயம், ஆனால்" என்று சொல்லாத ஒரு தமிழரையும் இதுவரை நான் சந்திக்கவில்லை. எல்லோரும் அந்த "ஆனால்" வரை வருகிறார்கள். உன்னை நான் அவர்களில் சேர்க்காமல் வைத்திருந்தேன்.

அடுத்த மாதம் எட்டாம் திகதி கிளிநொச்சியில் வெளியீட்டு விழா என்று ஜனார்த்தனன் சேர் அழைப்பிதழ் அனுப்பியிருக்கிறார். ஆசிரியர்கள் இருவரும் பேசவேண்டுமாம். நான் வருவேன். மேடையில் என் பந்தியை வாசிப்பேன். எழுதியபடியே, அந்த வசனத்தோடும் வாசிப்பேன். எழுதியது நான்தான் என்றால் சபைக்கு முன்னால் அதற்குப் பொறுப்பும் நானே எடுக்கிறேன். உன்னைப் போல இருட்டில் வெட்டமாட்டேன்.

றினோஸா

•

விசுவமடு,
01.03.2025

றினோஸா,

வாசிக்காதே.

விழாவுக்குக் கொட்டிலில் இருக்கும் தாய்மாரையும் ஜனார்த்தனன் சேர் அழைத்துவிட்டார். முன்வரிசையில் இருத்தப் போகிறாராம். அம்மா புதுச்சேலைக்குச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறார். மகளின் புத்தகம் என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறார். அவர்களை முன்னால் இருத்திவிட்டு அந்த வசனத்தை வாசிக்கப்போகிறாயா? அதற்குப் பெயர் பொறுப்பு எடுப்பதா?

பந்தியை உன்னிடம் கேட்காமல் எடுத்தது பிழை என்று வேண்டுமானால் சொல்கிறேன். இதோ சொல்லிவிட்டேன். ஆனால் உன் கோபத்தை என் அம்மாவின் முகத்தில் எறியாதே. அவர் ஏற்கெனவே போதுமான அளவு வாங்கிவிட்டார்.

நீ வாசித்தால் நான் எழும்பிப் போவேன். பிறகு உனக்கு எழுதவும் மாட்டேன்.

சிவரூபி

•

நீராவிப்பிட்டி,
11.03.2025

சிவரூபிக்கு,

சொன்னபடி எழும்பிப் போனாய். நான் கடைசி வசனத்துக்கு வர முன்னமே உன் மோட்டார் சைக்கிள் சத்தம் வெளியில் கேட்டது. எழுதமாட்டேன் என்றும் சொன்னாய். நீ எழுதவேண்டாம். ஆனால் நீ போன பிறகு நடந்ததை உனக்குச் சொல்லியாகவேண்டும். உன் அம்மா சொல்லியிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். சொல்ல விரும்பியிருந்தால் அன்று பஸ்ஸில் என்னிடமே பேசியிருப்பார்.

நான் முழுவதையும் வாசித்தேன். பின்வரிசையில் இருந்த சிலர் எழும்பிப் போனார்கள். ஒருவர் போகும்போது, "உங்கட ஆக்கள் காட்டிக்குடுத்தவங்கள்தானே" என்று எனக்குக் கேட்கும்படி சொன்னார். ஜனார்த்தனன் சேர் ஒலிவாங்கியை என்னிடமிருந்து வாங்கப் பார்த்தார். அப்போது உன் அம்மா எழும்பி நின்றார்.

"அந்தப் பொம்பிளை கொல்லக் கேட்ட பிள்ளைக்கு எத்தின வயசு?" என்று கேட்டார்.

"பத்து வயசுக்குள்ளதான் இருக்கும் அம்மா."

"அப்ப அவ செய்ததும் பிழைதான்" என்றார். உன் அம்மா என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் கதிரையில் இருக்கவில்லை, நின்றபடியே கேட்டார்.

"அவவின்ர அக்காவைக் கெடுத்து, அண்ணனைக் குத்திக் கொன்றவங்களை ஆரும் விசாரிச்சவங்களோ?"

"இல்லை அம்மா. அதை மந்திரிக்கு எழுதின வைத்தியரைத்தான் பிடிச்சு உள்ள போட்டவை."

"அதை நீ இதில எழுதினனியோ?"

நான் எழுதவில்லை, சிவரூபி. அந்தக் கதையை வீட்டில் நீதான் அவருக்குச் சொல்லியிருக்கவேண்டும். கோபம் நியாயமானது என்று ஒரே வரியில் தாண்டிப் போயிருந்தேன். அவர் அதைப் பிடித்துவிட்டார். இல்லை என்றேன்.

"என்ர வீட்டில வந்து சாப்பிட்டனி. என்ர மடியில என்ன கிடக்குது எண்டு என்னட்டக் கேட்டிருக்கலாம்" என்றார். குரல் உயரவில்லை. ஆனால் அப்படிக் கோபமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. "உங்கட சனத்துக்கு நடந்தது எனக்குத் தெரியும். அது அநியாயம். அதுக்கும் இதுக்கும் சரி எண்டு என்ர பிள்ளையைக் கொண்டுபோய் அந்தக் கணக்கில கழிக்காதை."

அதன் பிறகுதான் கதிரையில் இருந்தார். நான் தாளை மடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினேன்.

வெளியில் வந்தால் நீ இல்லை. அவரைக் கூட்டிக்கொண்டு போக நீதான் வந்திருந்தாய். மற்றத் தாய்மாரும் போய்விட்டார்கள். முல்லைத்தீவு பஸ்ஸுக்கு நானும் அவரும் ஒரே தரிப்பிடத்தில் நின்றோம். பஸ்ஸில் இரண்டு பேர் இருக்கக்கூடிய ஒரே ஒரு இருக்கைதான் காலியாக இருந்தது. பரந்தன் தாண்டும் வரை அவர் யன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தார். நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தேன். அழக்கூடாது என்று இருந்தேன்.

தர்மபுரத்துக்குக் கிட்டப் பொழுது பட்டுவிட்டது. உன் அம்மா தன் தண்ணீர்ப் போத்தலை எடுத்து மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டினார்.

"உங்கட நேரம் வந்திட்டுது. குடி."

நான் நோன்பு என்று அவரிடம் சொல்லவே இல்லை. வாங்கிக் குடித்தேன். நன்றி சொல்லப் போனேன். அவர் திரும்பவும் யன்னல் பக்கம் பார்த்துவிட்டார். விசுவமடுவில் இறங்கும்போது போயிட்டு வாறன் என்றுகூடச் சொல்லவில்லை. ஆகையால் அதை மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. நீயும் எடுத்துக்கொள்ளாதே. கோபத்தோடுதான் தந்தார்.

உன் மீது எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அம்மாவை அந்த மண்டபத்தில் விட்டுவிட்டுப் போனதற்கும் சேர்த்து.

றினோஸா

•

விசுவமடு,
20.03.2025

றினோஸாவுக்கு,

அம்மா ஒன்றும் சொல்லவில்லை என்பது உண்மை. பஸ்ஸில் வந்தேன் என்று மட்டும் சொன்னார். யாரோடு என்று நான் கேட்கவும் இல்லை. எனக்கு அவரைப் பார்க்க வெட்கமாக இருந்தது. நான் வீட்டுக்கு வந்து அடுப்படியில் இருந்து அழுதுகொண்டிருந்தேன். அவரைக் கூட்டிவர மறந்துவிட்டேன் என்பது வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டபோதுதான் நினைவு வந்தது. நீ இதைக் குத்திக்காட்டாமல் விட்டிருக்கலாம். விடமாட்டாய் என்று தெரியும்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அவள் ஒண்டும் கூட்டிச் சொல்லேல்லை" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "நீ ஏன் அவளின்ர பந்தியை வெட்டினனி?" என்று கேட்டார்.

"உங்களுக்காகத்தான் அம்மா."

"நான் கேட்டனானோ?"

இரண்டு பேரும் என்னிடம் கேட்காமல் என்னைப் பற்றி எழுதுகிறீர்கள், என்னிடம் கேட்காமல் வெட்டுகிறீர்கள் என்று அன்று முழுக்கப் பேசினார். சோறு போடும்போதும் பேசினார். பதினாறு வருடமாக ஒருவரிடமும் பேசாத அளவு பேசினார். அதில் பாதி உனக்கு, பாதி எனக்கு. அரசாங்கத்துக்குப் போகவேண்டியதும் கொஞ்சம் நமக்கு வந்தது.

ஜனார்த்தனன் சேரிடம் போனேன். இருக்கிற புத்தகங்களை இனி விற்கவேண்டாம் என்று சொன்னேன். அவர் கத்தினார். நானும் கத்தினேன். இப்போது அச்சுக்குத் திரும்பப் போகிறது. உன் பந்தி முழுதாக உள்ளே வருகிறது. இதை உன்னோடு சமாதானமாக வேண்டும் என்பதற்காகச் செய்யவில்லை. ஒரு வரிக்காக முழுவதையும் வெளியேற்றினாய் என்று நீ எழுதினாயே, அதற்கு என்னிடம் பதில் இல்லை. எத்தனை நாள் தேடியும் கிடைக்கவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் உண்மை.

"ஆனால்" பற்றி நீ எழுதியதையும் வாசித்தேன். உங்கள் ஊருக்கு நடந்தது அநியாயம். இந்த வசனத்துக்குப் பிறகு நான் ஒன்றும் எழுதவில்லை, பார்த்துக்கொள்.

அந்தக் கடைசி வரியை நான் தொடமாட்டேன். வைப்பதும் மாற்றுவதும் நீ. புதிதாக ஒரு அதிகாரம் நான் எழுதி இதோடு அனுப்பியிருக்கிறேன். அந்தப் பெண் ஏன் பின்னத் தொடங்கினாள், அவளின் அக்காவுக்கும் அண்ணனுக்கும் என்ன நடந்தது, எழுதிய வைத்தியரைப் பிடித்த நாட்டில் நியாயம் கேட்க அவளுக்கு வேறு எந்தக் கதவு திறந்திருந்தது என்று கேட்டு எழுதியிருக்கிறேன். உன் அதிகாரத்தின் கீழ் உன் பெயர் மட்டும் வரும். என்னுடையதன் கீழ் என் பெயர் மட்டும். பிள்ளைகள் இரண்டையும் வாசித்துவிட்டு யார் சொல்வது சரி என்று சண்டை பிடிக்கட்டும். நீ என் அதிகாரத்தில் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றக்கூடாது.

பத்தாம் திகதிக்கு முன் உன் பக்கங்களை அனுப்பு.

சிவரூபி

•

நீராவிப்பிட்டி,
02.04.2025

சிவரூபிக்கு,

பக்கங்களை இதோடு வைத்திருக்கிறேன். பெருநாளுக்கு முதல் நாள் இரவெல்லாம் அந்த ஒரு வரியோடு இருந்தேன். பதினொரு விதமாக எழுதிப் பார்த்தேன். "பின்னாமல் காத்திருக்கும் பெண்கள்" என்று எழுதினேன். "பழியை அல்ல, பதிலைக் கேட்பவர்கள்" என்று எழுதினேன். எல்லாம் அழகாகத்தான் இருந்தன. ஒவ்வொன்றையும் உன் அம்மாவின் முன்னால் நின்று வாசிப்பதாக நினைத்துப் பார்த்தேன். ஒன்றையும் வாசிக்க முடியவில்லை.

கடைசியில் அந்த வரியை அடித்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றும் எழுதாமல் விட்டேன். குறியீடுகள் என்று தலைப்புப் போட்ட ஒரு அதிகாரத்தில் உன் அம்மாவைக் கொண்டுவந்து இருத்தியதுதான் பிழை. வைன் இரத்தத்தைக் குறிக்கிறது, காலடி ஓசை வரப்போகும் கூட்டத்தைக் குறிக்கிறது, பின்னல் பழியைக் குறிக்கிறது. பரீட்சையில் பிள்ளைகள் எழுதட்டும். சிவலட்சுமி எதையும் குறிக்கவில்லை. தன் மகன் எங்கே என்று கேட்கிறார், அவ்வளவுதான்.

நான் தாண்டிப் போயிருந்த, பின்னுகிறவளின் அக்காவின் கதையையும் என் பந்தியில் சேர்த்திருக்கிறேன். உன் அதிகாரத்தையும் வாசித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். முடிவு எனக்குச் சம்மதம் இல்லை. வேறு கதவு திறந்திருக்கவில்லை என்பதற்காக ஒரு சின்னப்பிள்ளையின் கதவை உடைக்கலாமா என்பதற்கு நீ பதில் சொல்லாமல் நழுவியிருக்கிறாய். காற்புள்ளியைத் தொடவில்லை. ஆனால் விளிம்பில் பென்சிலால் எழுதியிருக்கிறேன். ஆத்திரப்படு.

உன் எண்ணை இன்னும் திறக்கவில்லை. திறந்தால் நீ சிரிக்க வைப்பாய். அதற்கு நான் இன்னும் தயாரில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போகிறேன். கொட்டிலுக்கு. உன் அம்மா அன்றைக்கு அங்கே இருப்பார் என்று தெரியும். பக்கத்தில் இருக்கலாமா என்று முதலில் கேட்பேன். வேண்டாம் என்றால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். இரு என்றால், கிருபன் எப்படிப்பட்ட பிள்ளை என்று கேட்பேன். அதை நான் எங்கும் எழுதமாட்டேன்.

றினோஸா